கொக்கி விரிப்பு வடிவமைத்துச் செய்வது எப்படி

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் தொடங்கிக் கனடாவின் நோவா ஸ்கோஷியா வழியாக நியூஃபவுண்ட்லாந்து வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மீனவர் வீடுகளிலும் உழவர் வீடுகளிலும் பெண்கள் செய்துவந்த தரைவிரிப்பு ஒன்று உண்டு. சணல் சாக்கைப் பிரித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நைந்துபோன கம்பளி உடைகளைக் கீற்றுகளாக நறுக்கி, அந்தக் கீற்றுகளைக் கொக்கியால் சாக்கின் இழைகளுக்கு நடுவே கண்ணி கண்ணியாக மேலே இழுத்து நிரப்புவார்கள். முடிச்சும் இல்லை, பசையும் இல்லை. நெருங்கி நிற்கும் கண்ணிகளும் சாக்கின் இழைகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் மட்டுமே விரிப்பு நிலைத்து நிற்கிறது.

இதைச் செய்யக் கற்றுக்கொள்வது எளிது. ஒரு பிற்பகலில் கை பழகிவிடும். கடினமானது வடிவமைப்பு. பழைய விரிப்புகளின் தோற்றத்தை முடிவு செய்தவை மூன்று: சாக்கின் அளவு, கீற்றின் அகலம், வீட்டில் கிடைத்த துணிகளின் நிறம். இம்மூன்றையும் மனத்தில் வைத்து வரைகிறவரின் முதல் விரிப்பே பார்க்கும்படி அமையும். காகிதத்தில் அழகாக இருந்த ஒரு படத்தை அப்படியே சாக்கின்மேல் ஏற்ற முயல்கிறவர் பாதியில் சோர்ந்துவிடுவார். ஆகவே செய்முறைக்குப் போவதற்கு முன் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வடிவமைப்பின் பாடங்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

சாக்கு வந்த வழி

இந்தக் கைவேலை பரவுவதற்கு வங்காளத்துச் சணல் ஒரு முக்கியமான காரணம். 1830களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைக்காரர்கள், திமிங்கில எண்ணெயும் நீரும் ஊட்டி மென்மையாக்கினால் சணலை இயந்திரத்தில் நூற்கலாம் என்று கண்டுகொண்டனர். 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் நூற்பாலை தொடங்கப்பட்டது. அதன் பிறகு உலகெங்கும் காப்பியும் தீவனமும் சணல் சாக்குகளில் பயணம் செய்யத் தொடங்கின; சரக்கு தீர்ந்ததும் அந்தச் சாக்கு செலவில்லாமல் வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது. அதற்கு முன் வீட்டில் நெய்த லினன் துணியின்மேல் ஊசியால் நூல் கோத்துத் தைத்த விரிப்புகளே இருந்தன. லினனின் நெருக்கமான நெசவில் தடித்த துணிக்கீற்றைக் கொக்கி போட்டு இழுப்பது எளிதன்று. சாக்கின் பாவும் ஊடையும் தளர்வாக இருப்பதால், ஆணியை அராவி வளைத்து மரப்பிடியில் செருகிய கொக்கியே போதுமானதாக இருந்தது.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் இதே காலத்தில் கந்தல் துணி விரிப்புகள் செய்யப்பட்டன; அவற்றில் ஒரு வகை, குட்டையான துணித்துண்டுகளைச் சாக்கில் குத்தி நுழைத்து, நுனிகளை மயிர்போல் நிற்க விடுவதாகும். அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில்தான் கண்ணி விரிப்பு ஓவியம்போல் வளர்ந்தது. வடிவங்களை அடுப்புக் கரியால் நேரே சாக்கின்மேல் வரைந்தனர். வீட்டுப் பூனை, குதிரை, துறைமுகத்தில் நிற்கும் கப்பல், தட்டைக் கவிழ்த்து வரைந்த வட்டங்கள், மீன் செதில்போல் அடுக்கிய அரைவட்டங்கள் என்று கண்ணில் பட்டதெல்லாம் விரிப்பில் ஏறியது. மெய்னின் வால்டோபரோ பகுதியில் பூக்களையும் பழங்களையும் மட்டும் உயரமான கண்ணிகளாக இழுத்து, மேலே கத்தரித்து, புடைப்புச் சிற்பம்போல் எழுப்பும் வழக்கமும் இருந்தது.

1868இல் மெய்னின் பிட்டஃபோர்டைச் சேர்ந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட் இதை வணிகமாக்கினார். உள்நாட்டுப் போரில் பணியாற்றித் திரும்பிய அவர், வண்டியில் தகரப் பாத்திரம் விற்றுவந்தவர். உலோகத் தகடுகளில் வடிவங்களை வெட்டி, அவற்றின் வழியே சாக்குத் துணியில் நிறம் பதித்து விற்றார். படுத்திருக்கும் சிங்கமும் துருக்கிக் கம்பளங்களைப் பின்பற்றிய வடிவங்களும் அவருடைய அச்சுகளால்தான் பண்ணை வீடுகளுக்குள் நுழைந்தன. பிறகு ஒகையோவின் டொலீடோவில் எபனேசர் ராஸும், நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோவில் ஜான் கேரட்டும் இதே தொழிலில் இறங்கினர். அச்சு வடிவங்கள் வந்ததால் கலை கெட்டுப்போயிற்று என்று சொல்வோர் உண்டு; நான் அதை ஏற்பதில்லை. வரையத் தயங்கிய ஆயிரக்கணக்கான பெண்களை அவை சட்டத்தின் முன் உட்கார வைத்தன. சிங்கத்துக்கு நீல நிறம் கொடுத்தவர்களும், பனைமரத்தை நீக்கிவிட்டுத் தம் வீட்டு நாயை வைத்தவர்களும் அச்சை வாங்கியவர்களிலேயே இருந்தார்கள்.

வடிவமைப்பைக் கற்க விரும்புகிறவர் ஊன்றிப் பார்க்க வேண்டியவை கிரென்ஃபெல் விரிப்புகள். வில்ஃபிரட் கிரென்ஃபெல் என்ற ஆங்கில மருத்துவர் 1892இல், நியூஃபவுண்ட்லாந்துக்கு வடக்கே உள்ள லாப்ரடார் கரைக்கு வந்தவர். நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் செயின்ட் அந்தோனி ஊரில் மருத்துவப் பணிக்கான தலைமையிடத்தை நிறுவினார். மீன்பிடிப்பை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் வேறு வருமானம் இல்லை. 1906இல் அங்கே வந்த ஜெஸ்ஸி லூதர் என்ற அமெரிக்கக் கைவினை ஆசிரியை, அவ்வூர்ப் பெண்கள் ஏற்கெனவே நேர்த்தியாக விரிப்புச் செய்வதைக் கண்டு, அதையே வருமானத்துக்கு வழியாக்கினார். வடிவம் பதித்த சாக்கும் துணியும் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டன. முடிந்த விரிப்புகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விற்கப்பட்டன. 1920களின் இறுதியில், கிழிந்த பட்டுக் காலுறைகளைத் தானமாகக் கேட்டு, "உங்கள் காலுறை இழை ஓடினால் லாப்ரடாருக்கே ஓடட்டும்" என்ற பொருளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். மூட்டை மூட்டையாகக் காலுறைகள் வந்து சேர்ந்தன. மெல்லிய அந்தக் கீற்றுகளால் ஒரு சதுர அங்குலத்துக்கு 200 கண்ணிகள் வரை இழுத்தார்கள். கால் அங்குலக் கம்பளிக் கீற்றில் அதே இடத்தில் ஏறத்தாழ 16 கண்ணிகளே அடங்கும்.

பனிக்கட்டியின்மேல் நிற்கும் துருவக் கரடியைக் காட்டும் ஒரு கிரென்ஃபெல் விரிப்பை அருகிலிருந்து பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். கண்ணிகள் எல்லாம் கிடைமட்ட வரிகளாக, சாக்கின் ஊடை இழையை ஒட்டியே ஓடுகின்றன. கரடியின் முதுகு வளைந்தாலும் வரி வளைவதில்லை. முதுகின் வளைவு, ஒவ்வொரு வரியிலும் நிறம் மாறும் இடம் சற்றே நகர்வதால் உருவாகிறது. வானம் இரண்டு மூன்று சாம்பல் நீலங்கள் மாறி மாறி வருவதால் அகன்று தெரிகிறது. கரடியின் உடலில் நிழல் தீட்டப்படவில்லை. வெள்ளை உருவம், கறுத்த மூக்கு, பின்னால் நீர், அவ்வளவே. வடிவத்தில் எதை விட்டுவிட வேண்டும் என்பதை இந்த ஒரு விரிப்பே கற்றுக்கொடுத்துவிடும்.

நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில், பிரெஞ்சு பேசும் அகாடியர்கள் வாழும் ஷெட்டிகாம்ப் வேறு வழியில் சென்றது. அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் குடும்பத்துக்கு நெருக்கமான லிலியன் பர்க் என்ற கலைஞர் 1920களில் அங்கே கம்பளி நூலையும் மென்னிறங்களையும் பெரிய அளவுகளையும் கொண்டுவந்தார். அவ்வூரின் எலிசபெத் லெஃபோர்ட் (1914–2005) நூலால் மனித முகங்களையே இழுத்துக் காட்டினார். அவருடைய படைப்புகள் வெள்ளை மாளிகைக்கும் வத்திக்கானுக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் சென்றுள்ளன. வியப்பூட்டும் திறமை அது. எனினும் முதல் விரிப்புக்கு முகம் வரைய எண்ணுகிறவர்கள், லெஃபோர்ட் பயன்படுத்தியது மெல்லிய நூல் என்பதை மறந்துவிடக் கூடாது.

கீற்றுக்கு ஏற்ற வரைபடம்

கீற்றின் அகலத்தை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகே வரைய வேண்டும். கீற்று வெட்டும் கருவிகளில் எண் 3, 4, 6, 8 என்று குறித்திருப்பார்கள். அந்த எண் ஓர் அங்குலத்தின் 32இல் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். எண் 8 என்றால் கால் அங்குலம், எண் 4 என்றால் அரைக்கால் அங்குலம். பழைய நாட்டுப்புறத் தோற்றம் வேண்டுமானால் எண் 8 அல்லது அதைவிட அகலமானது பொருந்தும். இதழ்களில் நிறம் படிப்படியாக மாறும் பூக்களுக்கு 3 அல்லது 4 வேண்டும். முதல் விரிப்புக்கு எண் 8 அல்லது 6 போதும், கத்தரிக்கோலாலேயே வெட்டலாம்.

கால் அங்குலக் கீற்றில் வேலை செய்கிறவருக்கு அதைவிட மெல்லிய கோடு ஒன்றைக் காட்ட வழியே இல்லை. பறவையின் கண் ஒற்றைக் கண்ணி. பூனையின் வால் குறைந்தது இரண்டு வரி. ஓர் அங்குலத்துக்குக் குறைந்த வட்டம் வட்டமாகவே தெரியாது. இதைச் சோதிக்க எளிய வழி, கால் அங்குல அகலமுள்ள முனைகொண்ட மார்க்கரால் மட்டுமே காகிதத்தில் வரைவது. அந்த முனையால் வரைய முடியாத எதையும் விரிப்பிலும் இழுக்க முடியாது. விலங்கானால் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரையுங்கள். நான்கு கால்களும் காதுகளும் வாலும் வெளிக்கோட்டிலேயே தெரிய வேண்டும். அளவில் துணிச்சல் வேண்டும். வீட்டைவிடப் பெரிய கோழியும், மரத்தளவு உயர்ந்த டியூலிப் பூவும் பழைய விரிப்புகளில் சாதாரணம். எது முக்கியமோ அதைப் பெரிதாக வைத்தார்கள், வெற்றிடத்தை ஓர் இலையாலோ நட்சத்திரத்தாலோ நிரப்பினார்கள்.

வரையவே வராது என்பவர்களுக்கு வடிவியல் கோலங்கள் இருக்கின்றன, அவற்றை இரண்டாம் தரமாக எண்ண வேண்டாம். தட்டையோ கிண்ணத்தையோ கவிழ்த்துச் செதில் வரிசை போடலாம். பூனைப் பாதம் என்று அழைக்கப்படும் கோலத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று வளையம் கொண்ட சிறு வட்டங்களை விரிப்பு முழுவதும் தூவிவிடுவார்கள். கைப்பிடியளவு மட்டுமே மிஞ்சிய பளிச்சென்ற நிறங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்தில் கண்ணிகளைக் கிடைமட்டமாகவும் அடுத்ததில் செங்குத்தாகவும் இழுத்தால், ஒரே நிறத்திலும் ஒளி மாறி மாறித் தெரியும்.

கரை கட்டாயம் என்று நான் சொல்வேன். சேலைக்குக் கரைபோலவே விரிப்புக்கும் அதுவே படத்தை நிறுத்தி வைக்கிறது. மிதிபட்டு முதலில் தேயும் இடமும் அதுதான் என்பதால் அடர்நிறமே ஏற்றது. படத்தில் வந்த நிறம் ஒன்றைக் கரையில் மெல்லிய வரியாகத் திரும்பக் கொண்டுவந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தின் பெயரைவிட அதன் வெளிர்மையும் அடர்மையும் முக்கியம். துணிகளை அடுக்கி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். உருவத்துக்கும் பின்புலத்துக்கும் வைத்த துணிகள் ஒன்றாகக் கலந்து தெரிந்தால், அவை சிவப்பும் பச்சையுமாகவே இருந்தாலும் உருவம் மறைந்துவிடும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும்.

பின்புலம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் புதிய விரிப்புகள் உயிரின்றித் தெரிவது பெரும்பாலும் அங்கேதான். கடையில் வாங்கிய ஒரே கறுப்புத் துணியால் நிரப்பிய பின்புலம் தாள்போல் தட்டையாகக் கிடக்கும். பழைய விரிப்புகளில் கறுப்பு என்று தோன்றுவதை நெருங்கிப் பார்த்தால் அடர் பச்சை, காப்பிப் பழுப்பு, கருநீலம், சாயம் போன மேலங்கியின் சாம்பல் எல்லாம் அதில் இருக்கும். ஒரு துணி தீர்ந்ததும் அடுத்ததை எடுத்ததால் வந்த அழகு அது. இன்று நாம் திட்டமிட்டே அதைச் செய்ய வேண்டும். நான்கைந்து அடர்துணிகளை வெட்டி ஒரே பையில் கலந்து, பார்க்காமல் எடுத்து இழுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று சண்டையிடுவதாகத் தோன்றினால், எல்லாத் துணிகளையும் ஒரே சாயப் பாத்திரத்தில் இட்டுக் காய்ச்சலாம். வெங்காயத் தோல் கொதித்த நீரும்கூட அவற்றுக்கு ஒரு பொதுவான பொன்சாயலைக் கொடுத்து இணக்கிவிடும்.

துணியும் அடித்துணியும்

பதினெட்டுக்கு இருபத்துநான்கு அங்குலம் முதல் விரிப்புக்கு நல்ல அளவு. அது மூன்று சதுர அடி. விரிப்பின் பரப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு துணி வேண்டும் என்பது இக்கைவேலையின் பழைய கணக்கு. ஆகவே 12 சதுர அடிக் கம்பளித் துணி, எடையில் சுமார் 700 கிராம், தேவைப்படும். பழைய பாவாடை, கோட்டு, போர்வை ஆகியவற்றின் தையலையும் உள்துணியையும் பிரித்தெடுத்து, வெந்நீரில் சோப்புடன் அலசி உலர்த்த வேண்டும். நெசவு சுருங்கி நெருங்கிவிட்டால் கீற்றின் ஓரம் பிரியாது. கம்பளியா, செயற்கை இழையா என்ற ஐயம் இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளி மயிர் கருகும் மணம் தரும், செயற்கை இழை உருகிக் கட்டியாகும். கம்பளி கிடைக்காத இடத்தில் பழைய பின்னலாடைகளை வெட்டிக்கொள்ளலாம். கிரென்ஃபெல் காலுறையும் பின்னல் துணிதானே. இழுத்தால் கீற்று தானே சுருண்டு கயிறுபோலாகி நன்றாக அமரும்.

அடித்துணிக்குச் சாக்கு மலிவு. பயிற்சிக்கு அதுவே போதும். ஆனால் சணல் காலப்போக்கில் காய்ந்து நொறுங்கும். பழைய விரிப்புகள் பலவற்றில் கம்பளி நன்றாக இருக்க, சாக்குதான் கிழிந்து போயிருக்கிறது. பல மாத உழைப்பை இட்டு வைக்கப் போகும் விரிப்புக்குத் தளர்வாக நெய்த லினனே சிறந்தது.

வரைபடத்தின் நான்கு பக்கமும் குறைந்தது நான்கு அங்குலம் வெற்றிடம் விடுங்கள். எல்லைக்கோட்டை அளவுகோலால் போடக் கூடாது. பென்சில் முனையை இரண்டு இழைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்து இழுத்தால், அது அந்தப் பள்ளத்தின் வழியே தானாக நேராக ஓடும். அப்படிப் போட்ட கோடு துணியின் இழையோடு ஒத்துப்போவதால், முடிந்த விரிப்பு கோணிக்கொள்ளாது. படத்தை மாற்ற, அதை மெல்லிய வலைத்துணியில் வரைந்து, அந்த வலையை அடித்துணிமேல் விரித்து மீண்டும் மார்க்கரால் ஓட்டினால், மை கீழே இறங்கிப் பதியும்.

கண்ணி இழுத்தல்

துணியைச் சட்டத்தில் முரசின் தோல்போல் விறைப்பாக இழுத்து அடியுங்கள். தளர்வான துணியில் சீரான கண்ணி வராது. கீற்றை இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, துணிக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். வலக்கையிலுள்ள கொக்கியை மேலிருந்து ஒரு துளையில் நன்றாக அழுத்தி இறக்கி, கீற்றின் நுனியைப் பிடித்து ஓர் அங்குலம் மேலே இழுத்து விடுங்கள். அடுத்து, ஒன்றிரண்டு இழை தள்ளிக் கொக்கியை இறக்கி, கீற்றைக் கண்ணியாக மேலே எடுங்கள். கண்ணியின் உயரம் கீற்றின் அகலத்தளவு, அதாவது கால் அங்குலம் இருந்தால் போதும். எடுக்கும்போது கொக்கியை முந்தைய கண்ணியின் பக்கமாகச் சற்றுச் சாய்த்தால் அது கீழே இழுபடாது. இடக்கை விரல்கள் கீற்றைத் தளர்வாக ஓட விட வேண்டும். கீற்று தீரும்போது அதன் நுனியையும் மேலே எடுத்து, அடுத்த கீற்றை அதே துளையில் தொடங்குங்கள். மேலே நிற்கும் நுனிகளைப் பிறகு கண்ணியின் உயரத்துக்குக் கத்தரித்துவிட்டால் இணைப்பு தெரியாது. அடிப்பக்கத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கீற்றைத் தாண்டவிடக் கூடாது. நாற்காலிக் காலோ விரலோ அதில் மாட்டினால் ஒரு வரி முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

எல்லாத் துளையிலும் கண்ணி எடுப்பது தொடங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்படி நெருக்கினால் விரிப்பு தரையில் படியாமல் புடைத்து நிற்கும். மேலிருந்து பார்க்கும்போது அடித்துணி தெரியக் கூடாது. அடியிலிருந்து பார்க்கும்போது வரிகளுக்கிடையே ஆங்காங்கே துணி தெரியலாம். அதுதான் சரியான நெருக்கம்.

உருவத்தின் வெளிக்கோட்டைக் கோட்டின் உட்பக்கமாக இழுங்கள். கோட்டின்மேலேயே இழுத்தால் உருவம் பருத்துவிடும். உள்ளே நிரப்பியதும் உடனே பின்புல நிறத்தில் ஒரு வரியைச் சுற்றிலும் இழுத்துவிட வேண்டும். மூக்கும் காதும் நகராமல் காப்பது அந்த வரிதான். மிச்சப் பின்புலத்தை உருவத்தின் வளைவைப் பின்பற்றி அலை அலையாகவோ, கிரென்ஃபெல் முறையில் நேர் வரிகளாகவோ நிரப்பலாம். ஒன்றைத் தேர்ந்தால் இறுதிவரை அதிலேயே நில்லுங்கள்.

முடித்தலும் பேணுதலும்

வேலை முடிந்ததும் விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணியை மேலே விரித்து, சூடான இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். ஆவியில் கண்ணிகள் சமமாகும். பிறகு ஓரத்துணியை ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விட்டு வெட்டி, அதற்குள் பருத்திக் கயிறு ஒன்றை வைத்து மடித்து, கரையின் நிறத்திலுள்ள கம்பளி நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். அடியில் நாடா வைத்து மூடினால் வெட்டுவாய் பிரியாது. பெயரும் ஆண்டும் எழுதிய துணித்துண்டு ஒன்றைப் பின்னால் தைத்து வையுங்கள். பழைய விரிப்புகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் யாரென்று இன்று அறிய வழியில்லாமல் போனது இந்தச் சிறு வேலையைச் செய்யாததால்தான்.

விரிப்பை உதறவோ அடிக்கவோ கூடாது. சுழலும் தூரிகை இல்லாத உறிஞ்சுகுழாயால் தூசி எடுக்கலாம். குளிர்நாட்டுப் பெண்கள் புதுப்பனியின்மேல் கவிழ்த்துப் போட்டு மெல்லத் தட்டி எடுப்பார்கள். மடித்து வைத்தால் அடித்துணி மடிப்பில் முறியும். ஆகவே கண்ணிகள் வெளிப்புறம் இருக்கும்படி சுருட்டி, பருத்தித் துணியில் பொதிந்து வைக்க வேண்டும்.

மீந்த கீற்றுகளை நிறம் பிரிக்காமல் ஒரே பெட்டியில் சேர்த்து வையுங்கள். அவற்றைக் கைக்கு வந்த வரிசையில் நேர் வரிகளாக இழுத்து, சுற்றிலும் அடர்நிறக் கரை ஒன்று கொடுத்தால் இரண்டாவது விரிப்பு தயார். அதற்கு வரைபடமே தேவையில்லை.